வேலையிடத்தில் நீரிழிவு: மறைக்க வேண்டாம்



நான் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவன். நீரிழிவு இருப்பது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பலர் மறைக்கிறார்கள். அதுதான் ஆபத்து. ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் இரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். விவரம் அறியாதவர் குடிபோதை என்பார். அதனால் மேற்பார்வையாளரிடமும் உடன் வேலை செய்பவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்ற நேரத்தில் கோப்பி ஓ கோசோங் குடிக்கும் எனக்கு, அந்நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. 15 கிராம் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதிப்பேன். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 995-ஐ அழையுங்கள்.

சொல்லி வையுங்கள், பக்கத்தில் இருப்பவர் காப்பாற்றுவார்.