வேலியே பயிரை மேய்வதா?



நாட்டிற்குப் பாதுகாப்பு வேண்டாம் என்போரல்லர் நாம். பயிருக்கு வேலி வேண்டும் என்பதைக் கமக்காரருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் வேலியே பயிரை மேயத் தொடங்கினால் எவரிடம் முறையிடுவது? இதுவே நம்முன் நிற்கும் வினா.

1979ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் அதன் பெயரிலேயே உள. மூன்றாண்டுகளுக்கு மட்டுமே என்றார்கள். 1982இல் ஒரு திருத்தம் அந்தக் கால எல்லையை நீக்கியது. தற்காலிகம் என்ற பெயர் மாத்திரம் எஞ்சிற்று.

பொதுச் சட்டத்தின்படி, கைதானவரைப் பொலிசார் 24 மணி நேரத்துள் நீதவான் முன் நிறுத்தல் வேண்டும். இச்சட்டமோ, அமைச்சரின் கையெழுத்தினால், குற்றச்சாட்டு எதுவுமின்றி, மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதம்வரை ஒருவரை அடைத்துவைக்க இடமளித்தது. 2022இல் அது பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. ஓராண்டு என்பது ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் ஆகும். உழுபவன் சிறையிலிருந்தால் இரு போகமும் வயல் தரிசாகக் கிடக்கும்.

இதனினும் கொடியது 16ஆம் பிரிவு. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதல் சான்றாகாது என்பது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதி. அந்நியர் ஆட்சி தந்த அந்தக் காப்பைச் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் பறித்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளித்த ஒப்புதல் போதும் என்றது. அது வலிந்து பெறப்பட்டதென நிரூபிக்கும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே சுமத்தியது. பூட்டிய அறைக்குள் நிகழ்ந்ததற்கு அவன் எச்சாட்சியை அழைப்பான்?

இது வெறும் ஏட்டு வாதமன்று. 1995இல் ஒரு தமிழ் இளைஞருக்கு ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆதாரம் அத்தகைய ஒப்புதல் ஒன்றே. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாயிற்று. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, நீதியான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதெனக் கண்டது. ஆயினும் 2006இல் நமது உயர் நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் வழங்க மறுத்தது.

இது தமிழரின் துன்பம் மட்டுமே எனப் பிறர் எண்ணியிருக்கலாம். 2020இல் முஸ்லிம் சட்டத்தரணி ஒருவரும் இளங்கவிஞர் ஒருவரும், 2022இல் சிங்கள மாணவர் தலைவர்களும் இதே சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டனர். அயலவன் வீட்டில் பற்றிய தீ நம் கூரைக்கு வர நெடுநேரம் ஆகாது.

2018இலும் 2023இலும் மாற்றுச் சட்டமூலங்கள் வெளிவந்தன, அவை சட்டமாகவில்லை. எப்பெயரில் எச்சட்டம் வரினும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: கைதானவர் நீதவானைக் காண்பது எப்போது? பொலிசாரிடம் அளித்த ஒப்புதல் சான்றாகுமா? சட்டத்திற்குக் கால எல்லை உண்டா?

அதுவரை கையிலுள்ள கருவிகளைத் துருப்பிடிக்க விடலாகாது. இச்சட்டத்தின்கீழ்க் கைது செய்தால் 48 மணி நேரத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தல் அதிகாரிகளின் கடமை என்கிறது 1996ஆம் ஆண்டுச் சட்டம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்தல் வேண்டும். இவ்விரு தவணைகளையும் ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் அறிந்திருக்கட்டும். படித்தோர் கிராமங்களுக்குச் சென்று எடுத்துரைக்கட்டும். சட்டம் பயின்ற நாம் கட்டணம் பேசுமுன் அந்தத் தாயின் கண்ணீரைக் கேட்போமாக!