மலை இங்க இருக்கு, செட்டு எதுக்கு?

(தலைப்பு: ‘வெற்றிப் படங்களுக்குத் தனிப் பூங்கா நிலம் – தகுமா? தகாதா?’ கள்ளக்குறிச்சியில் நடந்த பட்டிமன்றத்தில் ‘தகாது’ என்ற அணியில் பேசியது.)

பேரன்புக்குரிய நடுவர் அவர்களே! இப்போதே டிக்கெட் கிழிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! முதல்ல போய் அந்த அடுப்பை அணைச்சிட்டு வந்துருங்க. பால் பொங்கினதுக்குப் பட்டிமன்றம்தான் காரணம்னு அப்புறம் என்மேல பழி வரக்கூடாது. (சிரிப்பு)

எதிரணித் தலைவர் பிரமாதமாகப் பேசினார். அமெரிக்காவில், புளோரிடாவில், டிஸ்னி பூங்காவுக்குள்ளே ‘அவதார்’ படத்துக்கென்று ‘பண்டோரா’ என்று 12 ஏக்கரில் ஒரு தனி உலகமே கட்டியிருக்கிறார்கள், 2017 மே மாதம் திறந்தார்கள் என்றார். ஹாரி பாட்டருக்கு 2010-லேயே தனி இடம் வந்துவிட்டது என்றார். ஹைதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியில் பாகுபலியின் மகிழ்மதி அரண்மனை செட்டை மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள் என்றார். எல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை.

ஆனால் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள். “நம்ம கல்வராயன் மலை அடிவாரத்துல ஒரு நூறு ஏக்கரை வளைச்சுப் போட்டா, நாமளும் ஒரு மகிழ்மதி கட்டலாமே!” என்றார். நடுவர் அவர்களே, ‘வாங்கிப் போட்டா’ன்னு சொல்லல. ‘வளைச்சுப் போட்டா’ன்னு சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பதில் சொல்ல வந்திருக்கேன். (கைதட்டல்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சினிமாவுக்கு விரோதி இல்லை. 2015-ல் பாகுபலி முதல் பாகம் பார்த்துவிட்டு, கட்டப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று தெரியாமல் 2017 வரைக்கும் ரெண்டு வருஷம் புரண்டு புரண்டு படுத்தவன். என் வீட்டு அம்மாவே கேட்டாங்க: “நான் ஏன் கோபமா இருக்கேன்னு ஒரு நாளாவது இப்படி யோசிச்சிருக்கீங்களா?” (பலத்த சிரிப்பு)

அவ்வளவு பைத்தியமாக இருந்ததால்தான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஹைதராபாத்துக்கே போனேன். 1,600 ஏக்கருக்கு மேலே பரந்து கிடக்கிற ஸ்டூடியோ. உலகத்திலேயே பெரிசு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மகிழ்மதி வாசலில் நின்றோம். யானைச் சிலையும் தூணும் மதிலும் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. போட்டோ எடுத்துக்கொண்டோம். என் பேத்திக்கு எட்டு வயசு. எதையும் சுத்திப் பார்க்காமல் விடமாட்டாள். அப்படியே சுவருக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள்: “தாத்தா, இந்த அரண்மனைக்கு முதுகே இல்ல!”

குற்றமாகச் சொல்லவில்லை. செட்டு என்றால் அப்படித்தான். கேமரா பார்க்கிற பக்கத்துக்கு மட்டும்தான் உடம்பு. அதுவும் ஸ்டூடியோக்காரர்கள் தங்கள் இடத்திலே, படம் எடுத்து முடித்த செட்டைப் பிரித்துப் போடாமல் மக்களுக்குக் காட்டுகிறார்கள். நல்ல காரியம். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கில் மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி. ஆனால் முறுக்குக்காகப் பக்கத்து வீட்டையே இடிச்சு அடுப்பு கட்டலாமா? அதைத்தான் எதிரணி கேட்கிறது. (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது சபைக்கு ஒரு சின்னப் பரீட்சை. பாகுபலி படத்தில் வருகிற தளபதி பேரு என்ன? (சபையில்: “கட்டப்பா!”) பார்த்தீங்களா, பின்வரிசையில் தூங்கிட்டிருந்தவர்கூடச் சொல்றார். சரி, 2009-ல் வந்த ‘அவதார்’, இன்றைக்கும் உலக வசூலில் முதலிடத்தில் இருக்கிற படம், அதோட கதாநாயகன் பேரு என்ன? (அமைதி) எதிரணியிலயாவது யாராவது சொல்லுங்க. (சிரிப்பு)

நடுவர்: நம்மளைப் பார்க்காதீங்க, எனக்கும் நீல நிறம்தான் ஞாபகம் இருக்கு. (பலத்த சிரிப்பு)

அதுதான் என் வாதம் ஐயா! அந்தப் பூங்காவை 2011-ல் அறிவிச்சப்போ வந்திருந்தது ஒரே ஒரு படம். 2017-ல் திறந்தப்பவும் அதே ஒரே படம். ரெண்டாவது படம் வந்ததே 2022-ல்தான். வசூலைப் பார்த்து நிலம் ஒதுக்கினார்கள். பேரு மனசுல நிக்குதான்னு பார்க்கல. இப்போ எதிரணி ரெண்டில் ஒன்று சொல்லட்டும். படம் மக்கள் மனசிலே நிற்கிறதா? நின்றால், அதற்கு ஏற்கெனவே இடம் கிடைத்துவிட்டது. கட்டப்பாவுக்கு இந்த மண்டபம் முழுக்க வீடு இருக்கிறது, தனியாக மனை வேண்டாம். மனசிலே நிற்கவில்லையா? அப்போது மண்ணிலே மட்டும் எதுக்கு இடம்? (கைதட்டல்)

‘பூங்கா கட்டினா காலத்துக்கும் நிற்கும்’ என்றார் நண்பர். 1990-களில் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்பட நகரம் வந்தது. அப்போது பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் மிருகக்காட்சிசாலை, கடற்கரை, திரைப்பட நகரம். நானே என் வகுப்புப் பிள்ளைகளைப் புளிசாதப் பொட்டலத்தோடு கூட்டிப் போயிருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சுற்றுவட்டாரம் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள்தான் கண்ணில் படும். அன்றைக்குக் கைதட்டிப் பார்த்த பிள்ளைகளில் சிலபேர் அங்கேதான் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்! சினிமா மோகம் அலை மாதிரி, வரும், போகும். நிலம் ஒருமுறை கைமாறினால் மாறினதுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சீனாவில் சாங்ஜியாஜியே என்ற இடத்தில் தூண் தூணாக நிற்கிற மலைகள் உண்டு. லட்சக்கணக்கான வருஷமாகக் காற்றும் மழையும் செதுக்கியவை. அவதார் படத்தில் அந்தரத்தில் மிதக்கிற மலைகளுக்கு இந்த மாதிரி மலைகள்தான் மூலம் என்று பேச்சு வந்தது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? ‘தென் வானத் தூண்’ என்று பேர் இருந்த ஒரு மலைக்கு 2010 ஜனவரியில் ‘அவதார் அல்லேலூயா மலை’ என்று பேரை மாற்றிவிட்டார்கள்! தாயைப் பார்த்துப் பிள்ளை மாதிரி இருக்கிறாள் என்று சொன்ன கதை. (சிரிப்பு) நாளைக்கு நம்ம மேகம் அருவிக்குக் கீழே ஒரு பாட்டு எடுத்து, அந்தப் படம் ஓடிவிட்டால், கல்வராயன் மலைக்கும் பேர் மாற்ற ஆள் வருவான். அடிவாரத்தில் பூங்கா வந்துவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

கல்வராயன் மலை என்றதும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

அவதார் படத்தோட கதை என்ன? ஒரு காடு. காட்டையே தெய்வமாக நினைக்கிற ஒரு மலைசாதி ஜனம். அவர்கள் காலடியில் இருக்கிற தாதுப்பொருளுக்காக வெளியிலிருந்து வந்தவன் அவர்கள் மண்ணைப் பறிக்கிறான். நாம தியேட்டர்ல கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, “ஐயோ பாவம்”னு கண்ணைத் துடைச்சிட்டு வெளியே வந்தோம். அந்த நீல நிறத்து மலைசாதிக்கு அமெரிக்காவில் 12 ஏக்கர் கொடுத்தாச்சு. நம்ம நிறத்து மலைசாதி இங்கேயே, நாம நிக்கிற இடத்திலிருந்து பார்த்தா தெரிகிற மலை மேலே இருக்கிறதே, அவர்களுக்கு என்ன கொடுத்தோம்?

நாடு 1947-ல் சுதந்திரம் வாங்கியது. ஆனா இந்த மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்தான். வன உரிமைச் சட்டம் வந்தது 2006-ல். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். 2024 ஜூன் மாதம், இதே ஊரில், கருணாபுரத்தில், விஷச் சாராயத்துக்கு 60-க்கு மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தோம். அந்தச் சாவு விழுந்த பிறகுதான் மலையிலே ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, அடிப்படை வசதி எங்கே என்று கேட்டது. நடுவர் அவர்களே, ஒரு மலையைத் திரும்பிப் பார்க்க நமக்கு ஒன்று சினிமா வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் சாவு வேண்டியிருக்கிறது. (அமைதி)

ஹைதராபாத் போய்வந்த அடுத்த லீவில் பேத்தியை வெள்ளிமலைக்குக் கூட்டிப் போனேன். வளைந்து வளைந்து பஸ் ஏறியது. இறங்கி நடந்தோம். ஒரு மேட்டில் வயசான அம்மா ஒருத்தர் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். என் பேத்தி, ஹைதராபாத் பழக்கத்தில், நேராகப் போய்க் கேட்டாள்: “பாட்டி, இந்த மலைக்கு டிக்கெட் எவ்வளவு?”

அந்த அம்மா பொக்கை வாயால் சிரித்துவிட்டுச் சொன்னார்: “டிக்கெட்டா? ஏறி வந்தியே கண்ணு, அதாம் டிக்கெட்டு.” (நீண்ட கைதட்டல்)

குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க. பேச்சோட பேச்சா நான் கேட்டேன், “இந்த மேடு உங்களுதா தாயி?”ன்னு. சொன்னாங்க: “எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதுல சாமை வெதைக்கிறோம் சாமி. மண்ணு எங்களத் தெரிஞ்சு வச்சிருக்கு. காயிதந்தான் எங்களத் தெரிஞ்சு வச்சுக்கல.”

நடுவர் அவர்களே! மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் விதைத்தவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மூன்று மணி நேரம் ஓடின படத்துக்கு நூறு ஏக்கர் வளைக்கலாமா? ‘தகுதி’ என்று தலைப்பு வைத்தீர்களே, யாருடைய தகுதியை முதலில் பார்ப்பது? (கைதட்டல்)

எதிரணி அடுத்து என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். ‘வேலைவாய்ப்பு வருமே, நாலு பேர் பிழைப்பாங்களே?’ நியாயமான கேள்வி. டிக்கெட் கிழிக்கவும், பொம்மை வேஷம் போட்டுக்கொண்டு குழந்தைகளுக்குக் கை கொடுக்கவும் வேலை வரும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொம்மைக்குள்ளே வேர்த்து நிற்கப்போகிறவன், அந்த நிலத்துக்குச் சொந்தக்காரனாக நிற்க வேண்டியவன். அதை மறந்துவிடாதீர்கள்.

பார்க்க ஆள் வர வேண்டும், அவ்வளவுதானே? பார்க்க இங்கே இல்லாததா? 2022-லும் 2023-லும் ‘பொன்னியின் செல்வன்’ ரெண்டு பாகமாக வந்தது. தாய்லாந்திலும் வடநாட்டுக் கோட்டைகளிலும் போய் எடுத்தார்கள். பிள்ளைகள் எல்லாம் ராஜராஜன், ராஜராஜன் என்று ஆடினார்கள். அந்தப் பொன்னியின் செல்வனுக்குத் தாய்மாமன் வீடு எது தெரியுமா? நம்ம திருக்கோவிலூர்! அவன் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். பால்குடி மாறாத குழந்தையை விட்டுவிட்டுக் கணவன் சுந்தர சோழனோடு அவள் தீயில் இறங்கினாள் என்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதே கல்வெட்டு, நண்பன் பாரியின் மகளுக்கு மணம் முடித்துக் கொடுத்துவிட்டு உயிர்விட்ட கபிலரையும் சொல்கிறது. அந்தக் கபிலர் குன்று தென்பெண்ணை ஆற்றில் இன்றைக்கும் நிற்கிறது. பேத்தியை அங்கேயும் கூட்டிப் போனேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: “தாத்தா, இதுக்கு முதுகு இருக்கு!” (பலத்த கைதட்டல்)

சிலை வேண்டுமா? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உளியைத் தட்டுகிற கை நம்ம ஊர்க் கை. செட்டுக்கு அட்டை யானை செய்கிற காசில், அந்த மரச்சிற்பியின் பட்டறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மரம் எப்படி யானையாகிறது என்று கண் முன்னாலேயே பார்க்கட்டும். அருவிக்குப் போக நல்ல ரோடு போடுங்கள். அந்த ரோட்டிலேயே ஆஸ்பத்திரிக்கும் போகலாம், பள்ளிக்கூடத்துக்கும் போகலாம். வருகிறவர்கள் தங்க மலைக்காரர் வீட்டுத் திண்ணையிலேயே இடம் ஏற்பாடு செய்யுங்கள். தேனும் சாமையும் கடுக்காயும் அவர்கள் கையாலேயே விற்கட்டும். காசு மலையிலேயே தங்கும்.

முடிக்கிறேன் ஐயா, மணி அடிக்க வேண்டாம். 2024 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்தில், பூந்தமல்லியில், திரைப்பட நகரம் வரும் என்று அறிவித்தார்கள். வரட்டும். படம் எடுக்க இடம் வேண்டும், அது தொழில். ஓடி முடிந்த படத்துக்கு ஊரான் நிலத்தில் கோயில் கட்டுவது வேறு. சினிமா நமக்கு விருந்தாளி. வந்தால் இலை போடுவோம், வடை பாயசத்தோடு பரிமாறுவோம், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவோம். விருந்தாளிக்கு வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுக்கிற வழக்கம் நம்ம ஊரில் இல்லை. (சிரிப்பு)

ஆகவே, வெள்ளித்திரை மலைக்கு நிலம் கொடுக்கும் முன்னால், வெள்ளிமலைக்காரருக்கு அவர் நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டு, படத்துக்குத் தனி நிலம் தகாது, தகாது என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, அந்தக் கடுக்காய் மேட்டு அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)