விமான நிலையங்களின் சவால்கள்: யாருக்கு, யாரால்?

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐதராபாத் நகரின் நடுவே பேகம்பேட்டை விமான நிலையம் இருக்கிறது. நிஜாம் ஆட்சியின்போது, 1930களில் உருவானது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்நகர மக்களுக்குப் பயன்பட்ட அந்த நிலையத்தில், 2008 மார்ச் 23க்குப் பிறகு சாதாரணப் பயணிகள் எவரும் வந்திறங்கியதில்லை. ஓடுபாதை பழுதுபட்டுப் போய்விடவில்லை. விமானப் படையும் முக்கியப் பிரமுகர்களும் அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். பயணச்சீட்டு வாங்கும் மக்களுக்கு மட்டுமே அதன் கதவு மூடப்பட்டது.

அந்த நிலையத்தில்தான், மூடப்பட்ட அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை விமானத் தொழில் மாநாடும் கண்காட்சியும் நடந்து வருகின்றன. ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகமும் 'ஃபிக்கி' எனும் முதலாளிகள் கூட்டமைப்பும் இணைந்து நடத்தும் இம்மாநாடு, முதலில் 'இந்தியா ஏவியேஷன்' எனவும் பின்னர் 'விங்ஸ் இந்தியா' எனவும் பெயர் கொண்டது. விமான நிலையங்கள் எதிர்கொள்ளும் சவால்கள் யாவை என்று அங்கே விவாதிக்கிறார்கள். மூடப்பட்ட நிலையத்தில் அமர்ந்துகொண்டு, அது ஏன் மூடப்பட்டது என்ற ஒரே கேள்வியைத் தவிர மற்ற அனைத்தையும் பேசுகிறார்கள்.

இத்தகைய மாநாடுகள், இந்தியாவில் நடந்தாலும் வெளிநாட்டில் நடந்தாலும், ஏறக்குறைய ஒரே பட்டியலையே முன்வைக்கின்றன: பெருகும் பயணிகள் கூட்டம், இடப் பற்றாக்குறை, புதிய தொழில்நுட்பம், பாதுகாப்பு, கரியமில வாயு வெளியேற்றம், மூலதனத் தேவை. இவை பொய்யான பிரச்சனைகள் அல்ல. ஆனால் தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சவால் என்பதற்கு நம்மிடையே 'அறைகூவல்' என்றொரு சொல் உண்டு. அறைகூவல் என்றால், விடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். அதை ஏற்று நிற்பவர் ஒருவரும் இருக்க வேண்டும். மாநாட்டுப் பட்டியலில் இந்த இருவரையும் காணோம். அவர்களைத் தேடுவதே இந்த உரையின் நோக்கம்.

ஒப்பந்தத்தின் ஒரு வரி

2008 மார்ச்சில் விமான நிலைய ஆணைய ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பேகம்பேட்டையையும் பெங்களூரின் எச்.ஏ.எல். நிலையத்தையும் மூடக்கூடாது என்பது அவர்களுடைய கோரிக்கை. அப்போராட்டத்துக்கான துண்டறிக்கையைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. அதில் ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். புதிய தனியார் நிலையம் திறக்கப்பட்டதும் பழைய நிலையம் பயணிகள் போக்குவரத்துக்கு மூடப்படும். புதிய நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் வேறொரு பன்னாட்டு நிலையம் 25 ஆண்டுகளுக்கு உருவாகாது என்று அரசே எழுதிக் கொடுத்திருந்தது.

தோழர்களே, தடையற்ற போட்டியே திறமையை வளர்க்கும் என்று இரவு பகலாக ஓதுபவர்கள், போட்டி வராது என்று முத்திரைத்தாளில் உறுதி பெற்ற பின்னரே முதலீடு செய்தார்கள். ஷம்ஷாபாத்தில் சுமார் 5,500 ஏக்கர் நிலத்தை ஏற்பாடு செய்தது மாநில அரசு. ஓடிக்கொண்டிருந்த பொதுத்துறை நிலையத்தைப் பூட்டிக்கொடுத்தது ஒன்றிய அரசு. ஏகபோகம் சந்தையில் தானாக முளைக்கவில்லை. சட்டத்தின் துணையோடு நடப்பட்டது.

அதற்கு ஈராண்டு முன்பு, 2006இல், டெல்லி, மும்பை நிலையங்கள் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் ஊழியர்கள் நான்கு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நவீனமயத்தை அவர்கள் எதிர்க்கவில்லை; பொதுத்துறை ஆணையமே அதைச் செய்யட்டும் என்றார்கள். அன்று ஒன்றியத்தில் இருந்த அரசுக்கு இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவளித்து வந்தனர். எதிர்த்தோம்; ஆனால் தடுக்க முடியவில்லை. இதை மறைக்காமல் நினைவுகூர்வது நமக்கு நல்லது. சென்னை, கொல்கத்தா நிலையங்களை ஆணையமே நவீனப்படுத்தியது. பொதுத்துறையால் முடியாது என்ற வாதத்துக்கு அவ்விரு நிலையங்களே விடை. சென்னையில் கண்ணாடிகளும் மேற்கூரைத் தகடுகளும் பலமுறை பெயர்ந்து விழுந்ததையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுத்துறையைக் காப்பது என்பது அதன் குறைகளைக் காப்பது அன்று.

எத்தனை கல்லாப்பெட்டி?

இப்போது கொஞ்சம் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் பயணச்சீட்டின் மறைவில் இருக்கும் அரசியல் புரியும்.

ஒரு விமான நிலையத்துக்கு இருவகை வருமானம் உண்டு. விமானம் இறங்க, நிற்க, பயணி வந்து போக வசூலிக்கும் கட்டணம் ஒன்று. கடை, உணவகம், விளம்பரம், வாகன நிறுத்தம், தங்கும் விடுதி ஆகியவற்றின் வருமானம் மற்றொன்று. இரண்டையும் ஒரே கல்லாப்பெட்டியில் போட்டால், கடை வருமானம் போக மீதமுள்ள செலவை மட்டும் பயணியிடம் வசூலித்தால் போதும். இது ஒற்றைக் கல்லா முறை. இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டால், ஓடுபாதைச் செலவு முழுவதும் பயணி தலையில் விழும். கடை லாபம் முழுவதும் நிறுவனத்துக்குப் போகும். இது இரட்டைக் கல்லா.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம், 2011இல் ஒற்றைக் கல்லா முறையே சரி என்று ஆணையிட்டது. ஆனால் மோடி அரசின் 2016ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துக் கொள்கை கலப்புக் கல்லாவைக் கொண்டுவந்தது. கடை முதலான வருமானத்தில் 30 விழுக்காடு மட்டும் பயணியின் சுமையைக் குறைக்கக் கணக்கில் கொள்ளப்படும். மீதி 70 விழுக்காட்டுக்கு அந்தக் கடமை இல்லை. கடைக்கு வருபவர் யார்? அதே பயணிதான். நாம் வந்து நிற்பதால் கடை ஓடுகிறது. அந்த வருமானத்தின் பெரும்பகுதியோ நம் கட்டணத்தைக் குறைக்க உதவாது.

நிலத்தின் கதை இதனினும் பெரிது. டெல்லி நிலையம் குறித்து 2012இல் அறிக்கை தந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ஆண்டுக்கு 100 ரூபாய்க் குத்தகையில் தரப்பட்ட நிலத்தில், வணிகப் பயன்பாட்டுக்கு உரிய சுமார் 240 ஏக்கர் மட்டுமே 58 ஆண்டுகளில் 1,63,557 கோடி ரூபாய் ஈட்டக்கூடும் என்று கணக்கிட்டார். அமைச்சகமும் நிறுவனமும் அக்கணக்கை மறுத்தன. ஆயினும் நவீன விமான நிலையத்தின் உள்ளடக்கம் என்ன என்பதை அந்த எண் காட்டிவிட்டது: ஓடுபாதையைச் சுற்றி எழும் நிலவணிகம்.

இழப்பு வரும்போது என்ன நடக்கிறது? டெல்லி நிலையம் தன் மொத்த வருவாயில் 45.99 விழுக்காட்டை ஆணையத்துக்குத் தர வேண்டும். கொரோனா காலத்தில், இயற்கைப் பேரிடருக்கான ஒப்பந்தப் பிரிவைக் காட்டி அதைத் தர மறுத்தது நிறுவனம். 2020 மார்ச் முதல் 2022 பிப்ரவரி வரை தர வேண்டியதில்லை என்று 2024 ஜனவரியில் நடுவர் தீர்ப்பாயம் முடிவளித்தது. நல்ல காலத்தில் லாபம் தனியாருக்கு. கெட்ட காலத்தில் இழப்பு பொதுவுக்கு.

ஆறு நிலையங்கள், ஒரே கை

2019 பிப்ரவரியில் அகமதாபாத், லக்னோ, மங்களூர், ஜெய்ப்பூர், குவாஹாத்தி, திருவனந்தபுரம் ஆகிய ஆறு நிலையங்களுக்கான ஏலத்திலும் அதானி குழுமமே வென்றது. விமான நிலையம் நடத்திய முன்அனுபவம் தேவையில்லை என்று விதி தளர்த்தப்பட்டிருந்தது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை எழுதிய குறிப்பு புறக்கணிக்கப்பட்டது. குத்தகைக் காலம் 50 ஆண்டுகள். 2021இல் மும்பையும் அதே குழுமத்தின் கைக்குப் போயிற்று.

திருவனந்தபுரத்தின் அனுபவத்தை நாம் தனியே படிக்க வேண்டும். பயணி ஒருவருக்கு 168 ரூபாய் ஆணையத்துக்குத் தருவதாக அதானி குழுமம் கேட்டது. கேரள அரசின் நிறுவனம் 135 ரூபாய் கேட்டது. 2020 ஆகஸ்டில் கேரள சட்டப்பேரவை தனியார்மயத்தை எதிர்த்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலம் தந்த மாநிலத்தின் குரல் கேட்கப்படவில்லை. 2021 அக்டோபரில் நிலையம் கைமாறியது. அதிகத் தொகை கேட்டவருக்குக் கொடுத்தது நியாயம்தானே என்று சிலர் வாதிடுவார்கள். 2024 ஜூலையிலிருந்து அங்கே புறப்படும் உள்நாட்டுப் பயணியின் கட்டணம் 506 ரூபாயிலிருந்து 770 ரூபாயாக உயர்ந்தது. வந்திறங்குபவருக்கும் 330 ரூபாய் என்று புதிய கட்டணம் வந்தது. வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் தொழிலாளியும், குமரி மாவட்டத்திலிருந்து அந்நிலையத்தை நம்பியிருக்கும் குடும்பமும் இந்த நியாயத்தின் விலையைக் கொடுக்கிறார்கள்.

அதே கேரளத்தில்தான் கொச்சி நிலையமும் இருக்கிறது. மாநில அரசே பெரும் பங்குதாரர், வெளிநாடு வாழ் மலையாளிகள் உள்ளிட்ட பல்லாயிரம் பேர் பங்கு வைத்திருக்கிறார்கள், முதலமைச்சரே தலைவர். 2015இல் முழுக்க முழுக்கச் சூரிய மின்சக்தியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது அதுவே. மாநாடுகள் பசுமை பற்றிப் பேசும்போது, அரசின் தலைமையில் இயங்கும் ஒரு நிலையம் அதைச் செய்து முடித்திருந்தது.

முதலாளித்துவத்தின் தலைநகராகிய அமெரிக்காவையே பாருங்கள். அங்கே பயணிகள் விமான நிலையங்களில் ஏறத்தாழ அனைத்தும் நகராட்சிகளுக்கோ மாநில அரசுகளுக்கோ அவற்றின் பொது ஆணையங்களுக்கோ சொந்தம். உலகிலேயே மிகுந்த பயணிகள் வந்து போகும் நிலையங்களுள் ஒன்றான அட்லாண்டா, அந்நகர நிர்வாகத்தின் உடைமை. தனியார்மயமே நவீனம் என்பது உலக நியதி அன்று.

கூரையும் வெள்ளமும்

2024 ஜூன் 28 அதிகாலை, டெல்லி விமான நிலையத்தின் முதல் முனையத்தில் கனமழையின்போது முகப்புக் கூரை சரிந்தது. வாகனத்தில் காத்திருந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர் இறந்தார். சரிந்த பகுதி 2009இல் திறக்கப்பட்டது என்று அரசு விளக்கம் தந்தது. எந்த ஆட்சியில் கட்டியது என்ற வாக்குவாதத்தில் அந்த ஓட்டுநர் மறக்கப்பட்டார். விமானத்தில் ஏறாதவர்கள், ஆனால் விமான நிலையத்தால் பிழைப்பவர்கள், மிகப் பலர்: பெட்டி தூக்குபவர், கழிவறை கழுவுபவர், விமானத்தின் வயிற்றில் குனிந்து சரக்கு ஏற்றுபவர். இவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மாநாட்டு மொழியில் இவர்கள் 'மனிதவளச் சவால்'.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னை நிலையத்தைப் பல நாள் மூடியது. அதன் இரண்டாம் ஓடுபாதையே அந்த ஆற்றின் மீதுதான் செல்கிறது. 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் கொச்சியை இரு வாரம் மூடியது. நல்ல நிர்வாகம் என்று நாம் பாராட்டும் நிலையமும் இதற்கு விலக்கில்லை. நவி மும்பையில் மலையைத் தகர்த்து, உல்வே ஆற்றைத் திருப்பி, பத்துக் கிராமங்களை இடம்பெயர்த்துப் புதிய நிலையம் எழுப்பினார்கள். நீரின் பாதையில் கட்டப்படும் எதற்கும் நீர் ஒருநாள் கணக்குக் கேட்கும். பரந்தூரில் ஏரிகளையும் விளைநிலங்களையும் காக்க ஏகனாபுரம் மக்கள் போராடுவதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள்.

செருப்பணிந்தவரும் விமானத்தில் பறப்பார் என்று 'உதான்' திட்டத்தைத் தொடங்கினார் பிரதமர். 2023இல் வந்த தணிக்கை அறிக்கை சொல்வது வேறு. தேர்ந்தெடுத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் சலுகைக் காலமான மூன்றாண்டை முழுமையாகக் கடந்தவை 112. அதற்குப் பிறகும், 2023 மார்ச் வரை நீடித்தவை 54 மட்டுமே. பெரிய நிலையங்களின் லாபமே சிறிய நிலையங்களைத் தாங்கி வந்தது. லாபம் தருபவற்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, சிற்றூர்களுக்கு விமானம் விடுவோம் என்பது, கறவை மாட்டை விற்றுவிட்டுக் குழந்தைக்குப் பால் தருவதாகச் சொல்வது போன்றது.

நம் முன் உள்ள பணி

2021இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பணமாக்கல் திட்டம் மேலும் 25 விமான நிலையங்களைப் பட்டியலிட்டது. சென்னை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர், மதுரை அதில் உண்டு. 'பணமாக்கல்' என்ற சொல்லை நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் மனம் உறுத்தும். விற்பனை இல்லை, உடைமை நம்மிடமே இருக்கும் என்கிறார்கள். நம் கிராமத்து விவசாயிக்கு இதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. பத்திரம் தன் பெயரில் இருக்க, விளைச்சல் வேறொருவன் களத்துக்குப் போவதை அவன் தலைமுறைகளாக அறிவான்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். எஞ்சிய நிலையங்களைக் குத்தகைக்கு விடுவது நிறுத்தப்பட வேண்டும். ஒற்றைக் கல்லா முறை திரும்ப வேண்டும். நிலம் தரும் மாநிலத்துக்கு நிர்வாகத்தில் உரிமை வேண்டும். தொடர்ந்து நடக்கும் பணிகளில் ஒப்பந்த முறை ஒழிய வேண்டும். நீர்நிலைகளின் மீது புதிய நிலையம் கூடாது.

விமானத்தில் ஏறாத மக்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கிளைகளில் கேட்பார்கள். நான் கேட்டிருக்கிறேன். நிலம் அவர்களுடையது, கட்டியது அவர்கள் வரிப்பணம், துடைப்பதும் சுமப்பதும் அவர்கள் பிள்ளைகள். இதை அவர்கள் மொழியில் சொல்வது நம் கடமை. 2008இல் வேலைநிறுத்தம் செய்த ஊழியர்கள் தோற்றார்கள் என்று சொல்லக்கூடும். ஆனால் அந்தத் துண்டறிக்கையில் அவர்கள் எழுதியவற்றுள் இன்று திருத்த வேண்டிய வரி ஒன்றும் இல்லை. அறைகூவலை விடுத்தது மூலதனம். ஏற்று நிற்க வேண்டியவர்கள் நாம்.