கழுகு முத்திரையும் ஆக்டோபஸ் முத்திரையும்

(தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

மில்லில் பேல் கட்டியதும் மார்க்கா போடுகிறோம். செம்மறி ஆட்டின் மேல் சாயக்குறி வைக்கிறோம். எதற்காக? யாருடையது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக. பட்டாள முத்திரையும் இப்படிப் பிறந்ததுதான். ஐரோப்பியப் பிரபுக்கள் முகத்தை மூடிய இரும்புக் கவசத்துடன் யுத்தம் செய்த காலத்தில், ஆள் யார் என்று காட்டக் கேடயத்தில் குறி தீட்டினார்கள். சில நிறம், எடுப்பான உருவம். அதிகம் திணித்தால் தெரியாது என்பது அந்தக் கலையின் பால பாடம்.

இன்றைய ஏகாதிபத்தியத்தின் முத்திரைகளைப் பாருங்கள்.

2010-ல் அமெரிக்காவின் சைபர் கமாண்ட் என்ற படைத்தலைமை வேலை தொடங்கியது. கம்ப்யூட்டர்களும் அவற்றை இணைக்கும் வலையும் அதன் யுத்தகளம். என்.எஸ்.ஏ. என்ற வேவு ஸ்தாபனத்தின் தலைவரே அதற்கும் தளபதி. அதன் முத்திரையில் கழுகு, கேடயம், பூகோளம், இரண்டு வாள், சாவி, மின்னல் எல்லாவற்றையும் அடைத்தார்கள். அதுவும் போதாதென்று, உள்ளே உள்ள தங்க வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் 32 எழுத்தும் எண்ணும் பொறித்தார்கள்.

அது என்ன ரகசியம்? அமெரிக்கப் பத்திரிகை ஒன்று வாசகர்களைக் கேட்டது. சில மணி நேரத்தில் விடை வந்துவிட்டது. எம்.டி.5 என்ற கணக்கு முறை அது. எவ்வளவு நீளமான வாசகத்தைக் கொடுத்தாலும் 32 குறிகளாக அரைத்துவிடும். மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. ஆனால் அதே வாசகத்தை மறுபடி கொடுத்தால் அதே குறிகள் வரும். அந்தப் படையின் நோக்க அறிக்கையைக் கொடுத்துப் பார்த்தார்கள், பொருந்திவிட்டது! ஊரறிய வெளியிட்ட அறிக்கைக்கு ரகசியப் பூட்டு! அந்தப் பூட்டும் பழுதுபட்டது. எம்.டி.5 நம்பத்தக்கதல்ல என்று சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் அம்மையார் 2004-லேயே நிரூபித்துவிட்டார்.

சிரிக்கலாம், தோழர்களே. ஆனால் அந்த அறிக்கை சொல்வதென்ன? கம்ப்யூட்டர் வலையில் அமெரிக்காவுக்கும் கூட்டாளிகளுக்கும் சுதந்திரம். எதிரிகளுக்கு அது மறுக்கப்படும். எதிரி யார் என்று தீர்மானிப்பவர்களும் அவர்களே.

2013 டிசம்பரில் மூடிமறைப்பதையும் விட்டுவிட்டார்கள். அன்று ஏவிய வேவு சாட்டிலைட்டின் முத்திரை, பூமி உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் ஆக்டோபஸ். அடியில், 'எங்கள் கைக்கு எட்டாதது எதுவுமில்லை' என்ற வாசகம். அந்தப் படத்தை அவர்களே பெருமையோடு வெளியிட்டார்கள்.

அது வெறும் படமா? அதே ஆண்டு ஜூனில் ஸ்னோடன் என்.எஸ்.ஏ.வின் வண்டவாளத்தை அம்பலப்படுத்தினார். பிரேசில் மக்களின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸை வேவு பார்த்தது வெளிவந்தது. 2013 மார்ச் ஒரே மாதத்தில் இந்தியாவிலிருந்து திரட்டிய தகவல்கள் 630 கோடி! ஆக்டோபஸின் ஒரு கை நம் வீட்டு வாசலிலும் இருந்தது.

அப்படியிருந்தும் 2018 செப்டம்பரில் இந்திய சர்க்கார் காம்காசா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அமெரிக்க ரகசியத் தொடர்புக் கருவிகள் நமது படைகளுக்குள் வர வழி திறந்தது. வேவு பார்த்தவனிடமே பூட்டு வாங்கினால் மாற்றுச்சாவி யாரிடம் இருக்கும்?

1918-ல் மாஸ்கோவில் மே தின அலங்காரத்துக்காக காம்சோல்கின் என்ற ஓவியர் ஒரு சின்னம் வரைந்தார். ஒரு சுத்தியல், ஒரு அரிவாள். அதில் சங்கேதம் இல்லை. எழுத்தறியாத உழவனும் பார்த்தவுடன் புரிந்துகொண்டான். உழைப்பாளிக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆகவே தோழர்களே, எந்த முத்திரையைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது யாருடையது? யார் பணத்தில் நடக்கிறது? யாரிடமிருந்து மறைக்கிறார்கள்? இந்தக் கேள்விகளை ஆலை வாயிலிலும் வயல் வரப்பிலும் எழுப்புங்கள். ராணுவ ஒப்பந்தங்களை மக்கள் முன் வைக்கக் கோருங்கள்!

செங்கொடி ஓங்குக!