காடு பகையாகும் கதைகள்

வனவாசம் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவது புராண இதிகாசங்களின் காடு. அச்சந் தருவதாயினும், அதனுள்ளே முனிவர் ஆசிரமமும் உண்டு. மீண்டு வரும் வழியும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நாவல்கள் இரண்டிலும் காடு அத்தகையதன்று. புகுந்தவரை எளிதில் மீளவிடாத காடு அது. அவற்றைப் படித்தோர் என்ன சொல்லினர் என்பதே என் பேச்சின் பொருள்.

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் ஜெஃப் வான்டர்மியர் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அனைஹிலேஷன்'. 'நிர்மூலம்' என்று நாம் தமிழிற் சொல்லிக்கொள்ளலாம். விஞ்ஞானக் கதையென்றால் விண்கலமும் வேற்றுக் கிரகமும் வரவேண்டும் என எதிர்பார்ப்போர் இதிலே ஏமாறுவர். வருவது ஒரு கடற்கரைக் காடு. மனிதர் நீங்கிய நிலம். 'ஏரியா எக்ஸ்' என்பது அதன் பெயர். பன்னிரண்டாவது ஆய்வுக் குழுவாக நான்கு பெண்கள் அதனுட் செல்கின்றனர். உயிரியலாளர், மானிடவியலாளர், நில அளவையாளர், உளவியலாளர் எனத் தொழிலால் அறியப்படுகின்றனரேயன்றி அவர்களுக்குப் பெயரில்லை. அங்கே பூமிக்குள் இறங்கிச் செல்லும் கோபுரம் ஒன்று. அதன் சுவரிலே உயிருள்ள பூஞ்சணத்தால் எழுதப்பட்ட வாக்கியங்கள். ஃபுளோரிடா மாநிலத்திலே தாம் பல்லாண்டு நடந்து திரிந்த சதுப்பு நிலத்தையே ஆசிரியர் இதற்கு மாதிரியாகக் கொண்டார். நெபியூலா பரிசும் இந்நூலுக்குக் கிடைத்தது.

பரிசு கிடைத்த நூலாயினும் வாசகர் ஒருமுகமாக மெச்சினாரல்லர். "இத்தனை பக்கம் படித்தும் விடை எங்கே?" என்று சினந்தோர் பலர். கதை சொல்லும் உயிரியலாளரின் நெஞ்சில் ஈரமில்லை என்றனர் வேறு சிலர். மற்றொரு சாராரோ, விடை கிடைத்தவுடன் அச்சம் மறைந்துவிடும், ஆகவே ஆசிரியர் செய்ததே சரி என்று வாதித்தனர். வினாவுக்கு விடை கேட்டே வயிறு வளர்க்கும் ஆசிரியத் தொழிலினனாகிய நான் முதற் கட்சியைச் சேர்ந்திருக்க வேண்டும். ஆயினும் என் மனம் இரண்டாவது கட்சியின் பக்கமே சாய்கின்றது. அதே ஆண்டில் மேலும் இரு நூல்களும், 2024 இல் நான்காவது நூலும் எழுதியும், ஆசிரியர் முழு விடையையும் தந்தாரில்லை.

இக்கதையை எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பிலே சுருக்கிச் சொன்னேன். மாணவி ஒருத்தி எழுந்து, "காடு யாரையும் தேடி வரவில்லையே சேர், அவர்கள்தானே போனார்கள்?" என்றாள். நக்கிள்ஸ் மலைப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவனோ, "எங்கள் தோட்டத்துக்குப் பன்றி தேடித்தான் வருகிறது" என்று மறுத்தான். வகுப்பு முழுவதும் நகைத்தது. எனக்கென்னவோ, இருவரும் நூலின் மையத்தையே தொட்டுவிட்டனர் என்று தோன்றியது.

இதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டுக் காட்டைப் பற்றி அத்தகைய நாவல் ஒன்று எழுந்தது. 1904 ஆம் ஆண்டில் இலங்கை வந்த லெனார்ட் வூல்ஃப், யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பணியாற்றிய பின், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். 1911 இல் நாடு திரும்பிப் பதவியைத் துறந்து, 1913 இல் 'காட்டிலே ஒரு கிராமம்' எனப் பொருள்படும் ஆங்கில நாவலை வெளியிட்டார். வேட்டைக்காரன் சிலிந்து, அவனுடைய இரட்டைப் பெண் மக்கள், அவர்களை வருத்தும் ஊர்த் தலைமைக்காரன், கடன் கொடுக்கும் வியாபாரி ஆகியோரே பாத்திரங்கள். பசியும் கடனும் வழக்கும் ஒவ்வொருவராகக் கொண்டுபோக, ஈற்றில் ஊரையே காடு மூடிவிடுகின்றது. சிங்களத்திலே 'பெத்தேகம' என மொழிபெயர்க்கப்பட்ட இந்நூலை 1980 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் திரைப்படமாக்கினார். அதில் வூல்ஃபாக நடித்தவர் யார் தெரியுமா? விஞ்ஞானக் கதை மன்னர், 1956 முதல் இலங்கையை இல்லமாகக் கொண்ட ஆர்தர் சி. கிளார்க்!

வெள்ளையரைக் கதாநாயகராக்காது ஏழைக் கிராமத்தவரின் உள்ளத்துள் நின்று எழுதியமைக்காக இந்நூலைப் போற்றுவோர் பலர். காட்டைத் தீயதென்றும், கிராமத்தவரை விலங்குக்கு அண்மையரென்றும் காட்டுவது ஆள வந்தவரின் கண்ணோட்டமே என்று குறை கூறுவோரும் உளர். இக்குறையை நான் முற்றாகத் தள்ளேன். ஆனால் ஹின்னிஹாமி வளர்த்த மானை ஊரார் கல்லெறிந்து கொல்லும் இடத்தைப் படித்தவர், தீமை காட்டில் மட்டுமே இருக்கிறது என்று அந்நூல் சொல்வதாக எவ்வாறு கருதுவர்?

மலையகத் தமிழ் வாசகருக்கு இதில் வேறொரு நினைவும் எழும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டன. அவர்களது அச்சம் கற்பனையன்று. அவ்வாறு தப்பி வந்தவர் கையிலேதான் கோடரி கொடுக்கப்பட்டது. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மலைக்காடு வீழ்ந்தது. காட்டுக்கு அஞ்சியவரே காட்டை வெட்டினர்; ஆனால் வெட்டிய நிலம் அவர்களுக்கு உரிமையாகவில்லை. இதனை நாவலாகப் படிக்க எனக்கு இன்னும் ஆசை உண்டு.

திகனயில் வாழும் எங்களுக்கு, ஊர் மறைவது கதையன்று. 1985 இல் திறந்து வைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்திலே பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிற்று. அங்கே பிறந்த முதியவர் ஒருவருக்குப் 'பெத்தேகம'வின் சிங்களப் பிரதியைக் கொடுத்தேன். சிலிந்துவின் வழக்கு வரை விரைவாகப் படித்தாராம். ஊரிலே வீடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகும் பகுதிக்கு வந்ததும் நூலை மூடிவிட்டார். கோடையில் நீர் வற்றிப் பழைய சுவர்கள் வெளிப்படும்போது பலர் பார்க்கச் செல்வர், அவர் செல்வதில்லை. புத்தகத்தை என்னிடம் திருப்பித் தந்தபோது, நின்ற பக்கத்திலே பஸ் சீட்டு ஒன்று அடையாளமாக இருந்தது. மிகுதியை எப்போதாவது கேட்பார் என்று அதை எடுக்காமல் வைத்திருக்கிறேன்.