ஊதியம் என்னும் சொல்லும் மாணவர் கைக்கணக்கும்



தொழில்முனைவைக் குழுப்பணிகள் வழியே மாணவர்க்குக் கற்பிப்பது பற்றிப் பேசுமாறு பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். வாணிகம் நம் துறையன்று. சொற்களே நம் துறை. ஆகவே சொற்களிலிருந்தே தொடங்குகிறோம்.

‘ஊதியம்’ என்பதை இன்று நாம் சம்பளம் என்ற பொருளில் வழங்குகிறோம். திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகையில் அச்சொல்லின் பொருள் வேறு. அழிவதையும் ஆவதையும் சீர்தூக்கிய பின்னர்க் கையில் வரும் பயனையே அங்கு அது குறிக்கிறது. அதே அதிகாரத்தில் ‘முதல்’ என்னும் சொல்லும் வாணிகப் பொருளிலேயே ஆளப்படுகிறது. ஒரு காலத்தில் இலாபத்தைக் குறித்த சொல் பின்னர் மாதக் கூலியைக் குறிப்பதாயிற்று. இம்மாற்றம் தமிழ்நாட்டிலும் நிகழ்ந்ததே. நம் தோட்டப்புற வாழ்வால் விளைந்ததன்று. எனினும் பால்மரம் வெட்டிக் கூலி பெற்ற தலைமுறைகளின் வழிவந்த நமக்கு இச்சொல்லின் பயணம் சற்று வலிக்கவே செய்கிறது.

இன்னொரு சொல். தொழில்முனைவோரை மலாய்மொழி ‘உசஹாவான்’ என்கிறது. அதன் அடியாகிய ‘உசஹா’ வடமொழியின் ‘உத்ஸாஹ’ என்பதிலிருந்து வந்தது. நம் ‘உற்சாகம்’ அதன் உடன்பிறப்பு. தமிழில் அது மனக்கிளர்ச்சியைக் குறிக்கிறது. மலாயில் முயற்சியைக் குறிக்கிறது. பள்ளிகளில் தொழில்முனைவு நாள் நடத்தும்போது நாம் மாணவர்க்குத் தருவது பெரும்பாலும் தமிழ்ப்பொருளில் உற்சாகமே. தரவேண்டியது மலாய்ப்பொருளிலுள்ள முயற்சி.

செய்து கற்கும் முறை நமக்குப் புதிதன்று. கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, அதுவே அலுவலகம். ஊரிலிருந்து கப்பலேறி வந்த இளைஞன் பெட்டியடிப் பையனாக அமர்ந்தான், பின்னர் அடுத்தாளானான், தேறினால் மேலாளானான். பேரேடு எழுதுவதும், வட்டி கணிப்பதும், வந்தவரின் முகக்குறிப்பை அறிவதும் அங்கேயே பயின்றவை. அவ்வட்டித் தொழிலால் நிலமிழந்து வருந்தியோரும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் அப்பயிற்சி முறையில் ஒரு நுட்பம் இருந்தது. பிழைபட்ட கணக்கைப் பையனே தேடித் திருத்த வேண்டும்.

குழுவாக இணைந்து தொழில் தொடங்கியதற்கும் நம்மிடம் சான்றுண்டு. பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை துன் சம்பந்தனாரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவ்வாறு வாங்கப்பட்டது. கூலியாகிய ஊதியத்தில் ஒரு பகுதி முதலாக மாறியது. பழைய பொருளுக்கு அச்சொல் மீள்வதற்கு அங்கே ஒரு வழி பிறந்தது எனலாம்.

இன்றைய முறைக்கு வருவோம். 1919இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தோன்றிய ஜூனியர் அச்சீவ்மெண்ட் அமைப்பின் திட்டத்தில் மாணவர்கள் சிறு நிறுவனம் அமைத்து, பங்கு விற்று, பொருள் செய்து, இறுதியில் கணக்கு முடித்து அதைக் கலைக்கிறார்கள். நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் மாணவர்களே உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. வழிகள் இருக்கின்றன. குறை எங்கே என்பதை நாம் செய்த பிழை ஒன்றைக் கொண்டே விளக்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கிள்ளான் பள்ளத்தாக்கின் இடைநிலைப் பள்ளி ஒன்றில் தமிழ்மொழிக் கழகம் தீபாவளியை ஒட்டி ஒரு போட்டி நடத்தியது. ஐவர் கொண்ட ஆறு குழுக்கள்; குழுவுக்கு 50 வெள்ளி கடன்; காலம் மூன்று வாரம். நடுவர் மூவருள் நாமும் ஒருவர். ஒரு குழு முறுக்கு விற்றது. பொட்டலப் பைக்கும் ஒட்டுச்சீட்டுக்கும் 20 வெள்ளி செலவு, விற்பனை 150, இலாபம் 130 எனக் கணக்குக் காட்டியது. வாங்கியோர் அனைவரும் அப்பள்ளி ஆசிரியரும் பெற்றோருமே. மற்றொரு குழு பழஞ்சேலைகளில் கைப்பை தைத்து, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலுள்ள கடைகளில் ஏறி இறங்கியது. கைப்பிடி தோளில் மாட்டும் அளவுக்கு நீளமில்லை என்று ஒரு கடைக்காரர் திருப்பியனுப்பினார். அவர்கள் பிரித்துத் தைத்து மீண்டும் சென்றனர். பை 4 வெள்ளி வீதம் 14 பைகள் விற்று 56 வெள்ளி ஈட்டினர். நூலுக்கும் நாடாவுக்கும் 26, தையல் இயந்திர வாடகை 20, பேருந்துக் கட்டணம் 18. ஆக 64 வெள்ளி செலவு. நட்டம் 8 வெள்ளி.

முதற்பரிசை முறுக்குக் குழுவுக்கு அளித்தோம். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பைக் குழுவின் மாணவி ஒருத்தி நம்மிடம் வந்து, “ஐயா, முறுக்கு சுட்ட எண்ணெய்க்கு யார் காசு கொடுத்தது?” என்று கேட்டாள். விடை கூற இயலவில்லை. பின்னர் அக்குழுவின் தாய்மாரிடம் உசாவினோம். மாவும் எண்ணெயும் எரிவாயுவும் சேர்ந்து ஏறத்தாழ 95 வெள்ளி. எஞ்சிய 35 வெள்ளி, இரண்டிரவு அடுப்படியில் நின்ற மூவரின் உழைப்புக்கு ஈடாகாது. தாயின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பரிசும் அளித்திருந்தோம். அம்மாணவர்மீது குற்றமில்லை, எதை எழுத வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, எல்லாச் செலவும் ஏட்டில் ஏற வேண்டும். வீட்டில் இலவசமாகக் கிடைத்த அரிசிமாவுக்கும் விலை எழுதட்டும்; அண்ணன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்ற உதவிக்கும் கூலி எழுதட்டும். கொடுக்க வேண்டுமென்பதில்லை; எழுத வேண்டும். நட்டம் வந்தால் அதையும் மறைக்காது எழுதட்டும். பரிசு இலாபத்துக்கன்று, மெய்யான கணக்குக்கே என முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

இரண்டாவது, விற்பனையில் பாதியேனும் அறியாதவரிடம் நிகழட்டும். ஆசிரியர் ஒருவர் துணையுடன் மாணவர் கடைத்தெருவுக்குச் செல்லட்டும். அன்பினால் வாங்குபவர் குறை சொல்வதில்லை. பொருளுக்காக வாங்குபவரே கைப்பிடி நீளமில்லை என்பார். குழுவில் பணிகளும் வாரந்தோறும் மாறட்டும். இவ்வாரம் பணப்பெட்டியைக் காப்பவர் அடுத்த வாரம் விற்கச் செல்லட்டும். பேசத் தயங்குபவரும் ஒரு வாரம் மேலாளாக இருக்கட்டும். இல்லையேல் வாய்வல்லவர் ஒருவர் தொழில் செய்ய, நால்வர் வேடிக்கை பார்ப்பர்.

மூன்றாவது நம் துறை சார்ந்தது. கணக்கைத் தமிழில் எழுதி, அவையில் தமிழில் படிக்கட்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது இந்நாட்டில் இன்றியமையாதது. அதனை விலக்கச் சொல்லவில்லை. ஆனால் கொள்முதல், விற்றுமுதல், இருப்பு, பேரேடு, ஐந்தொகை ஆகிய சொற்கள் செட்டியார் பெட்டியடியில் நாள்தோறும் புழங்கியவை. இன்று நம் மாணவர்க்கு அவை அகராதிச் சொற்கள். வீட்டில் தாயிடம் “இன்று 8 வெள்ளி நட்டம், காரணம் இது” என்று தாய்மொழியில் விளக்க இயலும் பிள்ளைக்கே அக்கணக்கு உண்மையில் விளங்கியிருக்கிறது. கேட்கும் தாயும் தம் எண்ணெய் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்க இயலும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் அனைவரும் வணிகராக வேண்டுமென்று நாம் கூறவில்லை. சம்பளத்துக்குப் பணிபுரிவது தாழ்வுமன்று. நாமும் ஓய்வுபெறும்வரை அவ்வாறே வாழ்ந்தோம். எனினும் எந்தப் பணியிலும் முதல் யாருடையது, உழைப்பு யாருடையது, இழப்பைத் தாங்குவது யார் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பரிசு பெறாத அம்மாணவிக்கு அன்று அது தெரிந்திருந்தது. நடுவராக அமர்ந்திருந்த நமக்குத் தெரியவில்லை.