சும்மா படுத்திருக்கும்போது மூளை என்ன செய்யுது?

ஒரு விஞ்ஞானி எவ்வளவு பெரிய ஆள்னு எப்படிச் சொல்றது? பெரும்பாலும் சைட்டேஷன் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறாங்க. அதாவது, அவரோட ஆய்வுக் கட்டுரையைப் பிறகு வந்த எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்குன்னு. அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாதுன்னு இன்னைக்கு ஒருத்தரோட கதை வழியா பார்க்கலாம். அவர் பெயர் பரத் பிஸ்வால்.

90களின் நடுவில் அமெரிக்காவில், விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பிஸ்வால் ஆராய்ச்சி மாணவர். அப்போ எஃப்எம்ஆர்ஐ புதுசு. மூளையில் ஒரு பகுதி வேலை செய்தா அங்கே ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் அதிகமா வரும். அந்த மாற்றத்தைத்தான் ஸ்கேனர் பிடிக்குது. விரலைத் தட்டச் சொல்லுவாங்க, எந்த இடம் மாறுதுன்னு பார்ப்பாங்க. சும்மா படுத்திருக்கும்போது வரும் ஏற்ற இறக்கமெல்லாம் வெறும் நாய்ஸ். பிஸ்வாலும் அந்த நாய்ஸை எப்படிக் குறைக்கலாம்னுதான் பார்த்துக்கிட்டிருந்தார்.

எதையும் செய்யாம படுத்திருந்தவங்களை 250 மில்லிசெகண்டுக்கு ஒரு படம்னு 512 படம் எடுத்தாங்க. மொத்தமே ரெண்டு நிமிஷம் சொச்சம்தான். இவ்வளவு வேகமா எடுத்ததால் இதயத் துடிப்பையும் மூச்சையும் தனியா பிரிச்சுப் பார்க்க முடிஞ்சது. அதெல்லாம் போக மிச்சமிருந்தது 0.1 ஹெர்ட்ஸுக்கும் கீழே, ரொம்ப மெதுவான ஒரு அலை. இடது பக்கம் கையை இயக்கும் பகுதியில் அந்த அலை ஏறினா, வலது பக்கம் அதே வேலைக்கான பகுதியிலும் ஏறுது. கை அசையவே இல்லை! ஆனாலும் ரெண்டு பகுதியும் ஒரே தாளத்தில் இருக்கு.

1995ல் இது கட்டுரையா வந்தது. உடனே யாரும் கொண்டாடல. இது ரத்த ஓட்டத்தோட விளையாட்டுதான்னு சந்தேகப்பட்டவங்க நிறைய. பல வருஷம் கழிச்சு மத்தவங்களும் இந்த வழியில் வந்த பிறகுதான் எண்ணிக்கை ஏறுச்சு. இன்னைக்கு அது பல ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை. ஏன்னா, நோயாளி எதுவுமே செய்யத் தேவையில்லை. சின்னக் குழந்தை, டிமென்ஷியா வந்தவர், கோமாவில் இருப்பவர்னு யாரையும் இப்படி ஆராயலாம்.

முதல் சில வருஷ எண்ணிக்கையை மட்டும் வெச்சு மதிப்பெண் போட்டிருந்தா, இந்த வேலை ஃபெயில். அவ்வளவுதான்!

சரி, எண்ணிக்கை ஏறிட்டா எல்லாம் சரியாயிடுமா? அதுவும் இல்லை. ஒரு லைப்ரரியை ஆயிரம் ப்ராஜெக்ட் இம்போர்ட் பண்ணியிருக்குன்னா அதில் பக் இல்லைன்னு அர்த்தமா? 2012ல் ஜோனதன் பவர் குழு ஒரு விஷயத்தைக் காட்டினாங்க. ஸ்கேனருக்குள்ளே தலை மில்லிமீட்டருக்கும் குறைவா அசைஞ்சாலே இல்லாத இணைப்பு இருக்கிற மாதிரி தெரியலாம். குழந்தைங்க பெரியவங்களை விட அதிகமா அசைவாங்க. அப்போ வயசால் வந்த வித்தியாசம்னு நினைச்சதில் ஒரு பங்கு வெறும் தலை அசைவு.

பிஸ்வால் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடிச்சது வேறொண்ணு. 2010ல் அவரும் சக ஆய்வாளர்களும், 35 மையங்களில் எடுத்த 1,414 பேரோட ஸ்கேன்களை எல்லாருக்கும் இலவசமா திறந்துவிட்டாங்க. ஆயிரம் கனெக்டோம் திட்டம்னு சொல்லுவாங்க. 2016ல் ஆண்டர்ஸ் எக்லண்ட் குழு அதிலிருந்து 499 பேரோட தரவை எடுத்து, எஃப்எம்ஆர்ஐ மென்பொருள்களையே சோதிச்சுப் பார்த்தாங்க. 5 சதவீதம்தான் தப்பா வரணும். சில அமைப்புகளில் 70 சதவீதம் வரைக்கும் போச்சு!

யோசிச்சுப் பாருங்க, அந்தத் தரவு பூட்டியே இருந்திருந்தா இந்தத் தப்பை இவ்வளவு பெரிய அளவில் சோதிக்க முடிஞ்சிருக்குமா? ஒரு துறை தன்னைத்தானே திருத்திக்க வழி செய்து கொடுத்த வேலை இது. சைட்டேஷன் பட்டியலில் இதுவும் ஒரு எண்ணாத்தான் ஏறும். பாராட்டி எழுதினாலும் ஒண்ணுதான், தப்பைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினாலும் ஒண்ணுதான்.

அதனால அடுத்த தடவை ஒருத்தரோட ப்ரொஃபைலில் பெரிய எண்ணைப் பார்த்தா, அந்த வேலையை வெச்சு மத்தவங்க என்ன செய்தாங்கன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.